கெர்னல் உறைகிறதா, எண்ணிக்கை பிசகுகிறதா? பூட்டுப் பிழைகளை அறிகுறியிலிருந்து பிடிக்கும் வழி

லினக்ஸ் கெர்னலுக்கு முதன்முதலாக ஒரு டிரைவரோ மாட்யூலோ எழுதுபவர்களை மனத்தில் வைத்து இந்த வழிமுறை எழுதப்படுகிறது. சாதாரண நிரலில் நாமாக ஒரு திரெட்டை உருவாக்காத வரை நிரல் ஒற்றை ஓட்டமாகவே ஓடும். கெர்னலில் அந்த வசதி கிடையாது. நீங்கள் எழுதிய ரீட் ஃபங்ஷனை இரண்டு ப்ராசஸ்கள் இரண்டு சிபியூக்களில் ஒரே கணத்தில் அழைக்கலாம். அது பாதியில் இருக்கும்போது அதே சிபியூவில் உங்கள் சாதனத்தின் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறித்துச் சிபியூவை அழைக்கும் குறிப்பு) வரலாம். மூன்றாவது சிபியூவில் உங்கள் டைமர் காலாவதியாகி அதன் ஃபங்ஷன் ஓடத் தொடங்கலாம். டிரைவர் எவ்வளவு சிறியது என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல.

எந்த அறிகுறியைத் துரத்தினாலும் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தரவை யார் யார், எந்தச் சூழலிலிருந்து தொடுகிறார்கள், அதற்கு எந்தப் பூட்டு, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு, காவல்? 1996-இல் வெளிவந்த 2.0 பதிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட சிபியூக்களை ஆதரித்தபோது, கெர்னல் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டுதான் போடப்பட்டிருந்தது. அதை முற்றிலும் அகற்ற 2011-இல் வந்த 2.6.39 வரை ஆயிற்று. அந்தப் பூட்டு எந்த இடத்தில் எந்தத் தரவைக் காக்கிறது என்று எங்கும் எழுதப்படாமல் போனது அந்தத் தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம். உங்கள் ஸ்ட்ரக்டில் பூட்டை அறிவிக்கும் வரிக்கு மேலேயே, அது எந்தெந்த உறுப்புகளைக் காக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள். கீழே சொல்லப்படும் தேடலில் பாதி அப்போதே முடிந்துவிடும்.

அறிகுறியைத் தேடுவதற்கு முன்

விநியோகப் பதிப்புகளோடு வரும் கெர்னலில் இந்தப் பிழைகளைத் தேடுவது வீண் வேலை. சோதனைக்கென்று தனியாக ஒரு கெர்னலைக் கட்டமையுங்கள். அதில் ப்ரூவ் லாக்கிங் (பூட்டு வரிசையைச் சரிபார்ப்பது), டீபக் அட்டாமிக் ஸ்லீப் (சிபியூவை விட்டுக்கொடுத்துத் தூங்கக் கூடாத இடத்தில் தூங்குவதைப் பிடிப்பது), டீபக் லிஸ்ட் (லிஸ்ட் சிதைவைப் பிடிப்பது), கேசான் (விடுவித்த மெமரியைத் தொடுவதைப் பிடிப்பது) ஆகிய நான்கையும் இயக்குங்கள். ரேஸ்களை, அதாவது ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொட்டு மோதுவதை, தேடும் கேசிசேனை மட்டும் கேசானோடு சேர்த்து இயக்க முடியாது. அதற்கு இன்னொரு கெர்னல் தேவைப்படும். க்யூஈமூ மெய்நிகர் இயந்திரத்தில் குறைந்தது நான்கு சிபியூக்கள் கொடுங்கள். ஒற்றைச் சிபியூவுக்கென்று, ப்ரீஎம்ப்ஷனும் (ஓடும் பணியைப் பாதியில் நிறுத்தி இன்னொன்றுக்கு இடம் கொடுப்பது) இல்லாமல் கட்டமைத்த கெர்னலில் ஸ்பின்லாக் (கிடைக்கும் வரை சிபியூவைச் சுழன்றபடி காத்திருக்கவைக்கும் பூட்டு) என்பது கம்பைல் ஆகும்போதே ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. அங்கே ஒழுங்காக ஓடியது என்பது எதற்கும் சான்று ஆகாது.

கெர்னல் பதிவை எப்போதும் மேலிருந்து படியுங்கள். பூட்டு வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப், தன் முதல் புகாரை எழுதியவுடன் தானாகவே ஓய்ந்துவிடும். ஆகவே பிறகு புகார் வராதது நல்ல செய்தி அல்ல. அந்த ஒரு புகாரைத் தீர்த்து இயந்திரத்தை மறுபடி தொடங்கிய பிறகே அடுத்தது தெரியும்.

«ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வாலிட் கான்டெக்ஸ்ட்» என்று பதிவில் வருகிறது

புதியவர்கள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் இதைத்தான். தூங்கக் கூடாத இடத்தில், தூங்கக்கூடிய ஒரு ஃபங்ஷனை அழைத்திருக்கிறீர்கள் என்பது பொருள். ஸ்பின்லாக்கைக் கையில் வைத்திருக்கும்போதும், இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனான இன்டரப்ட் ஹேண்ட்லரிலும், டைமர் ஃபங்ஷனிலும் தூங்கக் கூடாது. நீங்கள் ஸ்பின்லாக்கோடு தூங்கிவிட்டால், அதே பூட்டுக்காகக் காத்திருக்கும் மற்றச் சிபியூக்கள் வேறு எந்த வேலையும் செய்யாமல் சுழன்றுகொண்டே இருக்கும்.

அந்தப் புகாரின் இரண்டாவது வரியில் காரணம் பாதி எழுதியே இருக்கும். «இன்_அட்டாமிக்: 1, ஐஆர்க்யூஸ்_டிசேபிள்டு: 0» என்று இருந்தால், இன்டரப்டுகள் திறந்தே இருக்கின்றன, சாதாரண ஸ்பின்லாக் ஒன்று கையில் இருக்கிறது, அல்லது டைமர் போன்ற சாஃப்ட்ஐஆர்க்யூ சூழலில் (ஹேண்ட்லர் முடிந்த பின் ஓடத் தள்ளிவைத்த வேலைகளின் சூழல்) இருக்கிறீர்கள். இரண்டாவது எண்ணும் 1 என்றால், ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் போன்ற ஒன்று இன்டரப்டுகளை மூடியிருக்கிறது, அல்லது நீங்கள் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளேயே இருக்கிறீர்கள். லாக்டெப் இயக்கத்தில் இருந்தால், அந்த நேரத்தில் கையிலிருந்த பூட்டுகளின் பட்டியலும் கீழே வரும். அதைப் பார்த்த பிறகே அழைப்புச் சங்கிலியைப் படியுங்கள்.

வழக்கமான குற்றவாளிகள் மூன்று: ஜிஎஃப்பி_கெர்னல் கொடியோடு அழைக்கப்பட்ட, மெமரி ஒதுக்கும் கேமல்லாக், பயனர் மெமரிக்குப் பிரதி எடுக்கும் காப்பி_டு_யூசர், மியூடெக்ஸை (காத்திருப்பவரைத் தூங்கவைக்கும் பூட்டு) எடுக்கும் மியூடெக்ஸ்_லாக். முதலாவதைக் கண்டதும் ஜிஎஃப்பி_அட்டாமிக் என்று மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவது பலருக்கும் பழக்கம். புகார் உடனே மறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கொடியோடு கேட்கும் மெமரி, நெருக்கடி நேரத்தில் கிடைக்காமல் போகும் வாய்ப்பு மிக அதிகம், அந்தத் தோல்வியைக் கையாளும் பாதையைப் பெரும்பாலும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் வேறு வழியில்லாத இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள். மற்ற இடங்களில், மெமரியைப் பூட்டு எடுப்பதற்கு முன்பே ஒதுக்கிக்கொண்டு, பூட்டுக்குள் பாயின்டரை மட்டும் மாற்றுங்கள். காப்பி_டு_யூசருக்கும் இதே முறைதான்: பூட்டுக்குள் இருக்கும்போது தேவையான பைட்டுகளை உள்ளூர் பஃபர் ஒன்றுக்கு மாற்றி, பூட்டை விட்ட பிறகு பயனரிடம் கொடுங்கள்.

இதுவரை பலமுறை ஓடியும் ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றும். மெமரி தாராளமாக இருக்கும்போது ஜிஎஃப்பி_கெர்னல் தூங்க வேண்டிய தேவையே வருவதில்லை. பயனர் பக்கம் ஏற்கெனவே மெமரியில் இருந்தால் காப்பி_டு_யூசரும் அப்படியே. தூங்க நேர்ந்ததா என்பதைப் பொருட்படுத்தாமல், தூங்கக்கூடுமா என்பதை மட்டும் பார்த்து இந்தச் சோதனை புகார் எழுதுகிறது. உண்மையாகவே தூங்கிவிட்டால் வரும் செய்தி வேறு: «ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்». அதைக் கண்டால் நிலைமை முற்றிவிட்டது என்று கொள்ளுங்கள்.

அழைப்புச் சங்கிலியில் நீங்கள் எடுத்த பூட்டு எதுவுமே இல்லையென்றால், உங்களை அழைத்தவரிடம் பூட்டு இருக்கிறது. கெர்னலின் துணை அமைப்புகள் சில, பூட்டோடுதான் டிரைவரின் ஃபங்ஷனை அழைக்கும். நெட்வொர்க் டிரைவரின் பாக்கெட் அனுப்பும் ஃபங்ஷன் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த நிலையில், தூங்க வேண்டிய வேலையை, பிறகு தூங்கக்கூடிய சூழலில் ஓடும் வேலை வரிசையான வொர்க்கியூவுக்குத் தள்ளிவிடுவதே வழி.

இயந்திரம் முழுவதும் உறைகிறது. «சாஃப்ட் லாக்கப்» என்று வருகிறது

ஒரு சிபியூ ஏறத்தாழ 20 விநாடிகளுக்கு மேல் வேறு எந்தப் பணிக்கும் இடம் கொடுக்காவிட்டால், சாஃப்ட் லாக்கப் செய்தி வரும். இன்டரப்டுகள்கூட எட்டாமல் சுமார் 10 விநாடிகள் கிடந்தால், ஹார்ட் லாக்கப். இவை இரண்டும் கெர்னலின் இயல்பு மதிப்புகள். «ஆர்சியூ ஸ்டால்» (கெர்னலின் ஆர்சியூ என்ற ஒத்திசைவு முறை முன்னேறாமல் நிற்பது) என்ற செய்தி 21 விநாடிகளில் வந்தாலும், பெரும்பாலும் காரணம் ஒன்றேதான்.

உறைவுக்கு முதல் சந்தேகத்துக்குரியது, இன்டரப்ட் ஹேண்ட்லரோடு பகிர்ந்துகொண்ட ஸ்பின்லாக். சீரியல் போர்ட் வழியாக வரும் பைட்டுகளைச் சேர்க்கும் ஒரு டிரைவரை எடுத்துக்கொள்வோம். ரீட் ஃபங்ஷன் சாதாரண ஸ்பின்_லாக்கைக் கொண்டு பூட்டை எடுத்து, பஃபரிலிருந்து பைட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கிறது. அதே சிபியூவில் புதிய பைட்டுக்கான இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லர் உடனே ஓடத் தொடங்கி, அதே பூட்டைக் கேட்டுச் சுழல்கிறது. பூட்டை வைத்திருக்கும் ரீட் ஃபங்ஷன் மறுபடி ஓட வேண்டுமானால் ஹேண்ட்லர் முடிய வேண்டும். ஹேண்ட்லர் முடிய வேண்டுமானால் ரீட் பூட்டை விட வேண்டும். ஹேண்ட்லர் வேறொரு சிபியூவில் ஓடியிருந்தால் சில மைக்ரோவிநாடிகள் காத்திருந்து வேலை முடிந்திருக்கும். அதனால்தான் இந்தப் பிழை வாரக்கணக்கில் ஒளிந்திருந்துவிட்டு, பணிச்சுமை ஏறும் நாளில் தலை காட்டுகிறது.

லாக்டெப் இதை உறைவு நேருவதற்கு முன்பே பிடித்துவிடும். «இன்கன்சிஸ்டன்ட் லாக் ஸ்டேட்» என்ற தலைப்போடு, இந்தப் பூட்டு ஒருமுறை இன்டரப்டுகள் திறந்திருக்கும்போதும் இன்னொருமுறை ஹேண்ட்லருக்குள்ளும் எடுக்கப்பட்டது என்று எழுதும். இரண்டு நிகழ்வுகளும் ஒரே நேரத்தில் மோத வேண்டியதில்லை. தனித்தனியாக ஒருமுறை நடந்தாலே போதும்.

தீர்வு: ப்ராசஸ் சூழலில் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் பயன்படுத்துங்கள். ஹேண்ட்லருக்குள் சாதாரண ஸ்பின்_லாக் போதும், அந்தப் பூட்டை வேறொரு சாதனத்தின் ஹேண்ட்லரும் எடுக்காத வரை. டைமரோடு மட்டும் பகிர்ந்தால் ஸ்பின்_லாக்_பிஹெச் போதுமானது. ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூ என்ற குறுகிய வடிவத்தைப் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது: அது பூட்டை விடும்போது, முன்பு இன்டரப்டுகள் மூடியிருந்தனவா என்று பார்க்காமலே திறந்துவிடும், உங்களை அழைத்தவர் அவற்றை மூடி வைத்திருந்தால், அவருடைய பாதுகாப்பு அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

அடுத்த காரணம், பிழை நேரும் பாதையில் பூட்டை விடாமல் வெளியேறுவது. நடுவில் இருக்கும் ஒவ்வொரு ரிட்டர்னையும் விரல் வைத்துப் பாருங்கள். 2023-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து, ஃபங்ஷனின் எல்லையைக் கடந்ததும் பூட்டைத் தானாக விடுவிக்கும் கார்டு மேக்ரோக்கள் கெர்னலில் உள்ளன; புதிதாக எழுதுபவர்கள் அவற்றிலேயே தொடங்கலாம். பூட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல், நீண்ட லூப் ஒன்று சிபியூவைப் பிடித்துவைத்திருக்கவும் கூடும். ப்ராசஸ் சூழலில், பூட்டு ஏதும் கையில் இல்லாத இடத்தில், கான்ட்_ரீஷெட் என்ற அழைப்பு அதைத் தீர்க்கும்.

ஒரு ப்ராசஸ் மட்டும் அசைய மறுக்கிறது; கில் 9 கூட அதைக் கொல்லவில்லை

பிஎஸ் கட்டளையில் அந்த ப்ராசஸுக்கு நேராக «டி» நிலை (சிக்னலால் எழுப்ப முடியாத தூக்கம்) இருக்கும். 120 விநாடிகள் கடந்ததும், «பிளாக்டு ஃபார் மோர் தேன் 120 செகண்ட்ஸ்» என்று கெர்னல் எழுதும். மற்ற எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதால், இங்கே சிக்கல் ஸ்பின்லாக்கில் இல்லை. மியூடெக்ஸிலோ, எழுப்பப்படாத காத்திருப்பிலோ இருக்கிறது. கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ஆர்க்யூ வசதிக்கு «டபிள்யூ» என்ற எழுத்தைக் கொடுத்தால், இப்படிச் சிக்கிய எல்லாப் பணிகளின் அழைப்புச் சங்கிலியும் வரும். «டி» என்ற ஆங்கில நான்காம் எழுத்தைக் கொடுத்தால், லாக்டெப் உள்ள கெர்னலில், யார் எந்தப் பூட்டை வைத்திருக்கிறார்கள் என்பதும் வரும். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது தாளில் வரைந்துவிடக்கூடிய ஒன்றாகிவிடும்.

சிக்கிய இரண்டு பணிகளும் ஒன்றுக்கொன்று காத்திருந்தால், பூட்டு வரிசை முரண்பட்டிருக்கிறது. லாக்டெப்பின் «சர்க்குலர் லாக்கிங் டிபென்டென்சி» புகாரின் நடுவில் ஒரு சிறு அட்டவணை இருக்கும்: இடப்பக்கம் சிபியூ0, வலப்பக்கம் சிபியூ1, ஒன்று முதல் பூட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்கிறது, மற்றது நேர்மாறாகச் செய்கிறது. அந்த நான்கு வரிகளை முதலில் படித்துவிட்டு மேலே போங்கள். நீண்ட சங்கிலியில் தொடங்கினால் தலை சுற்றும். இரண்டு பூட்டுகளையும் எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் எடுப்பதே தீர்வு. ட்ரைலாக் போட்டு, கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு மறுபடி முயலும் லூப்பை எழுதுவது தீர்வாகத் தோன்றினாலும், முரண்பாட்டை அங்கேயே விட்டுவைக்கிறது.

மாட்யூலை இறக்கும்போது மட்டும் சிக்கினால், கேன்சல்_வொர்க்_சிங்க் என்ற அழைப்பைத் தேடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியும் வரை அது காத்திருக்கும். அந்த வேலை கேட்கும் மியூடெக்ஸை நீங்களே கையில் வைத்துக்கொண்டு அழைத்தால், இருவருக்கும் விடுதலை இல்லை.

யாரிடமும் பூட்டே இல்லாமல் ஒருவர் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தால், எழுப்பும் அழைப்பு தவறிப்போயிருக்கிறது. தரவு வந்துவிட்டதா என்று பார்த்து, இல்லையென்று தெரிந்து, தூங்கப் போவதற்கு முந்தைய இடைவெளியில் எழுப்பும் அழைப்பு வந்து போய்விட்டது. காத்திருப்பைக் கையால் எழுதாமல், வெயிட்_ஈவென்ட் குடும்பத்து மேக்ரோக்களைப் பயன்படுத்துங்கள். அவை முதலில் தம்மைக் காத்திருப்போர் பட்டியலில் சேர்த்துவிட்டு, அதன் பிறகே நிபந்தனையைச் சோதிக்கின்றன.

எதுவும் உறையவில்லை; ஆனால் எண்ணிக்கை பிசகுகிறது

எண்ணியை ஒன்று கூட்டுவது, சி மொழியில் ஒரு வரிதான். சிபியூவுக்கு அது படித்தல், கூட்டுதல், எழுதுதல் என்று மூன்று வேலை. இரண்டு சிபியூக்கள் 41 என்று படித்து, இரண்டும் 42 என்று எழுதினால் ஒன்று காணாமல் போகிறது. எக்ஸ்86 கட்டளைத் தொகுப்பில் இது ஒற்றைக் கட்டளையாகவே அமைந்தாலும், லாக் முன்னொட்டு இல்லாத வரை இதே கதிதான். இந்த மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்யும் அட்டாமிக் வகைக்கு மாற்றுங்கள். அல்லது பூட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

2020-இல் 5.8 பதிப்போடு வந்த கேசிசேன் இவற்றைத் தேடிக் கொடுக்கும். அதன் புகாரைக் கண்டவுடன் இரு பக்கமும் ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் என்று சுற்றி வாயடைத்துவிடுவது மிக மோசமான பழக்கம் என்பது என் கருத்து. அவை கம்பைலரைக் கட்டுப்படுத்துமே தவிர, படித்தலுக்கும் எழுதுதலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்கமாட்டா. பிழை இருக்கும், புகார் மட்டும் இருக்காது.

அட்டாமிக் வகைக்கு மாற்றிய பிறகும் பிசகினால், பார்த்துவிட்டுச் செய்யும் இடங்களைத் தேடுங்கள். சாதனம் ஏற்கெனவே திறக்கப்பட்டிருக்கிறதா என்று அட்டாமிக்_ரீட் மூலம் பார்த்து, இல்லையென்றால் அட்டாமிக்_செட் மூலம் குறித்துவைப்பது பழைய எடுத்துக்காட்டு. தனித்தனியாக இரண்டும் அட்டாமிக்; சேர்ந்து இல்லை. ஒரே அடியில் ஒப்பிட்டு மாற்றும் அட்டாமிக்_சிஎம்பிஎக்ஸ்சிஎச்ஜி இங்கே பொருந்தும்.

இப்படிப்பட்ட இடைவெளி நடைமுறையில் அகப்படாது என்று வாதிடுவோருக்கு, டர்ட்டி கவ் என்று பெயர்பெற்ற ஓட்டை பதிலாக இருக்கிறது. மெமரி பக்கங்களைப் பிரதி எடுக்கும் இடத்தில் இருந்த ரேஸ் அது. சாதாரணப் பயனரும் படிக்க மட்டுமே உரிய கோப்பின் மீது எழுத வழி செய்தது. 2007-இன் 2.6.22 முதல் 2016 அக்டோபர் வரை கெர்னலில் இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் தம் திருத்தத்தோடு எழுதிய குறிப்பில், பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை இதைத் திருத்த முயன்றதையும், அப்போது ஏட்டளவில் இருந்த ரேஸ் பிற்காலத்தில் எளிதாகத் தூண்டக்கூடியதாகிவிட்டதையும் பதிந்திருக்கிறார்.

பதிவில் 6பி6பி6பி6பி என்ற முகவரி; அல்லது லிஸ்ட் சிதைந்திருக்கிறது

மெமரி ஒதுக்கீட்டைச் சரிபார்க்கும் ஸ்லப் டீபக் இயக்கத்தில் இருக்கும்போது, விடுவிக்கப்பட்ட மெமரி முழுவதும் 6பி என்ற பைட்டால் நிரப்பப்படும். ரெஜிஸ்டரில் அது தெரிந்தால், கேஃப்ரீ செய்த பொருளை இன்னொருவர் இன்னும் பயன்படுத்துகிறார். கேசான் இயக்கத்தில் இருந்தால், ஒதுக்கியவர், விடுவித்தவர், பிறகு தொட்டவர் என்று மூவரின் அழைப்புச் சங்கிலியையும் அது தரும். தொட்டவர் பிழையற்றவராக இருக்கலாம். விடுவித்தவரின் வரிசையையே முதலில் பாருங்கள்.

கலைக்கும் வரிசை இதுவாக இருக்க வேண்டும்: முதலில் புதிய அழைப்புகள் உள்ளே வரும் வாசலை மூட வேண்டும், அதாவது சாதனப் பதிவை நீக்க வேண்டும், பிறகு இன்டரப்டை விடுவிக்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூ, பிறகு டைமர்களும் வொர்க்குகளும், எல்லாவற்றுக்கும் கடைசியாக மெமரி. டைமர் வொர்க்கை ஏவி, வொர்க் டைமரை மறுபடி ஏவும் அமைப்பில், எதை முதலில் நிறுத்தினாலும் மற்றது அதை உயிர்ப்பித்துவிடும். 6.2 பதிப்பில் வந்த டைமர்_ஷட்டவுன்_சிங்க் இதற்கென்றே உருவானது. அதற்குப் பின் அந்த டைமரை யாராலும் மறுபடி ஏவ முடியாது.

பயன்படுத்துவோரை எண்ணி வைத்துப் பொருளைக் காப்பவர்கள் அட்டாமிக்கைக் கைவிட்டு, 2017-இல் 4.11 பதிப்பில் சேர்ந்த ரெஃப்கவுன்ட்_டி வகைக்கு மாறிவிடுங்கள். பூஜ்யத்திலிருந்து கூட்ட முயன்றால் அது எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை வந்தால், செத்த பொருளுக்கு உயிர் கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்று பொருள்.

மடிக்கணினியில் ஓடுகிறது, ஏஆர்எம் பலகையில் தவறுகிறது

தரவை எழுதிவிட்டு, தயார் என்று ஒரு கொடியை 1 ஆக்குகிறீர்கள். மறுபக்கம் கொடியைப் பார்த்துவிட்டுத் தரவைப் படிக்கிறது. எக்ஸ்86 சிபியூ எழுதுதல்களை மற்றவர்களுக்கு வரிசை மாறாமல் காட்டும். ஏஆர்எம் அப்படி உறுதி தருவதில்லை. கொடி முதலிலும் தரவு பின்னாலும் தெரியலாம். எஸ்எம்பி_ஸ்டோர்_ரிலீஸ், எஸ்எம்பி_லோட்_அக்வயர் என்ற இணையைப் பயன்படுத்துங்கள், இரு பக்கமும் சேர்த்தே. வோலட்டைல் என்று அறிவிப்பது இங்கே உதவாது. உண்மையைச் சொன்னால், புதியவர் ஒருவர் இந்த அத்தியாயத்துக்குள் வர வேண்டிய அவசியம் அரிது: பூட்டுகளே வரிசையையும் காக்கின்றன. பூட்டு மெதுவாக இருக்கிறது என்று அளந்து பார்த்துத் தெரிந்த பிறகு இங்கே வரலாம்.

பிரின்ட்கே சேர்த்தவுடன் பிழை மறைகிறது

கெர்னல் பதிவில் எழுதும் பிரின்ட்கே மெதுவானது, உள்ளே பூட்டும் எடுக்கும். அதைச் சேர்த்தவுடன் நேரக் கணக்கு மாறி, மோதல் நிகழாமல் போகிறது. ட்ரேஸ்_பிரின்ட்கே பயன்படுத்துங்கள், அது மெமரியிலுள்ள சுழல் பஃபரில் மட்டும் எழுதுவதால் இடையூறு மிகக் குறைவு.

அதற்கும் அகப்படாவிட்டால், துரத்துவதை விட்டுவிட்டு, சந்தேகப்படும் இடைவெளியை நீங்களே அகலமாக்குங்கள். பார்த்தலுக்கும் செய்தலுக்கும் நடுவில் எம்டிலே மூலம் சில மில்லிவிநாடி தாமதத்தைப் போட்டுவிட்டு, இரண்டு ப்ராசஸ்களால் அந்த ஃபங்ஷனைத் தொடர்ந்து அழையுங்கள். சந்தேகம் சரியென்றால், மாதத்துக்கு ஒருமுறை வந்த பிழை சில விநாடிகளில் வந்து நிற்கும். வராவிட்டால், வேறு இடைவெளியைச் சந்தேகியுங்கள். திருத்தத்தை எழுதிய பிறகும் தாமதத்தை அதே இடத்தில் விட்டுவைத்துச் சோதியுங்கள். அது நிலைத்தால் எம்டிலேயை நீக்கிவிட்டு, அந்தத் தரவைத் தொடும் ஒவ்வொரு ஃபங்ஷனின் தலைப்பிலும் லாக்டெப்_அசர்ட்_ஹெல்டு ஒரு வரி சேர்த்து, பேட்சை அனுப்புங்கள். நாளை இன்னொருவர் பூட்டில்லாமல் அதை அழைத்தால், அவருடைய சோதனைக் கெர்னலே அவருக்குச் சொல்லிவிடும்.